ஃபால் ஆஃப் எஃப்ராஃபா – எலில் (2007): இருபது நிமிடப் பாட்டில் க்ரஸ்ட் பிழைக்குமா?

#1 – கரிக்கோடு

இந்த வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட். விடிகாலையில் கம்பெனி வண்டி இறக்கிவிட்டதும் வீட்டுக்கு நடக்கிற தூரம் சரியாக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு பாட்டு. மூன்று நாளில் ஆல்பம் முடிந்துவிடும், நாலாம் நாள் மறுபடி முதல் பாட்டு. 'எலில்' ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டுதான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஃபால் ஆஃப் எஃப்ராஃபா இங்கிலாந்தில் பிரைட்டன் ஊர்க் குழு. ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் எழுதிய 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற முயல் நாவலை அடியாக வைத்து மூன்று ஆல்பம் போட்டார்கள்: ஆவ்ஸ்லா (2006), எலில் (2007), இன்லே (2009). மூன்றுக்கும் சேர்த்து 'கண்ணிகளின் வளை' என்று பொருள்படும் ஒரு பெயர். மூன்றாவது வந்த அதே ஆண்டில் குழுவைக் கலைத்துவிட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, கடையைக் கட்டிவிட்டார்கள்.

இதை க்ரஸ்ட் (பங்க்கும் மெட்டலும் சேர்ந்த கரடுமுரடான வகை) என்றும் சொல்கிறார்கள், அட்மாஸ்பெரிக் ஸ்லட்ஜ் (கனமாக, மெதுவாக இழுத்துப் போகிற வகை) என்றும் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம், இது இரண்டையும் ஒட்டுப்போட்ட சட்டை இல்லை. மெதுவான பகுதியை வேகமான பகுதிக்கு முன்னால் வரும் முன்னுரை மாதிரி பலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. வளைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் நிற்கிறதா என்று காத்திருக்கிற முயல்தான் அந்த மெதுவான பகுதி. பயமும் கோபமும் அங்கேயே முழுசாக இருக்கின்றன, ஓட்டம் மட்டும் பிறகு வருகிறது.

கேட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 – அரைத்தூக்கம்

மன்றத்துக்குப் புதுசு. நேற்று முதல் பாட்டைப் போட்டேன். ஒரு கிதார் மெல்ல வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்து, ஆறாவது நிமிடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் திடீரென்று ஒருவர் கத்த ஆரம்பித்தார். தொண்டை கட்டியவர் பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிற மாதிரி. ஒரு வார்த்தை புரியவில்லை.

மெட்டாலிகா, ஸ்லேயர் எல்லாம் கேட்பேன். இதை எங்கே பிடித்து உள்ளே போவது?

#3 – டிபீட்_துரை

தம்பி, நீங்கள் சாப்பிடப் போனது சரிதான். நானாக இருந்தால் சாப்பிட்டுத் தூங்கியும் இருப்பேன்.

கரிக்கோடு எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். க்ரஸ்ட் என்றால் முதலில் டிஸ்சார்ஜ். ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டில் 1977இல் கிளம்பிய குழு, 1982இல் 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' போட்டது. அவர்கள் டிரம் அடித்த விதத்துக்கே குழுவின் முதல் எழுத்தை வைத்து டி-பீட் என்று பெயர். மேசையில் தட்டிப் பாருங்கள். வலது கை பேஸ் டிரம், இடது கை ஸ்னேர்:

தும் – தக்தும் – தும்தக் –
தும் – தக்தும் – தும்தக் –

நாலு தடவை தட்டினால் போதும், கால் தானாக ஆடும். இந்த அடிக்கு மேல் இரண்டு கார்டு, நாலு வரி, முடிந்தது பாட்டு. போர் வேண்டாம், பசிக்கிறது, நீ பொய் சொல்கிறாய். இதைச் சொல்ல இருபது நிமிடம் எதற்கு? பாழடைந்த கட்டடத்தில் பூட்டை உடைத்துக் குடியேறி, கால்சட்டைக் கிழிசலுக்குப் பல்லிடுக்கு நூலால் ஒட்டுத்துணி தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் செய்த இசை அது. அவர்களிடம் நேரமும் இல்லை, நல்ல ஆம்ப்ளிஃபயரும் இல்லை.

கிதார் ஒலியை எதிரொலியில் ஊறப்போட்டு மிதக்கவிடுகிறார்களே, அது போஸ்ட் ராக். காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

#4 – பழைய_கேசட்

துரை தம்பிக்கு வணக்கம். தாளம் சொல்லிக்கொடுத்தது அருமை. வரலாற்றில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிட்டீர்கள்.

க்ரஸ்ட்டுக்கு டிஸ்சார்ஜ் அப்பா என்றால் அமெபிக்ஸ் அம்மா. அவர்களுடைய 'அரைஸ்!' 1985இல் வந்தது. அது வேகமான ஆல்பமா? பல இடத்தில் கனத்துப்போய், பாரவண்டி மேடேறுகிற மாதிரி நகரும். கீபோர்டு வேறு உண்டு. க்ரஸ்ட் என்ற சொல்லே அடுத்த ஆண்டு, 1986இல், ஹெல்பாஸ்டர்ட் குழுவின் 'ரிப்பர் க்ரஸ்ட்' டெமோவிலிருந்துதான் நிலைத்தது. பெயர் வைப்பதற்கு முன்பே குழந்தை மெதுவாகவும் நடந்திருக்கிறது. (அமெபிக்ஸில் பாடிய ராப் மில்லர் பிறகு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வாள் அடிக்கும் கொல்லராகிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வாள்.)

சரி, ஸ்லட்ஜ் எங்கிருந்து வந்தது? அதுவும் பங்க் வீட்டுப் பிள்ளைதான். பிளாக் ஃபிளாக் 1984இல் 'மை வார்' போட்டபோது இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, மூன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், மூன்றும் இழுவை. வேகத்துக்காக வந்த கூட்டம் கடுப்பானது. மெல்வின்ஸ் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு 1987இல் 'க்ளூயி போர்ச் ட்ரீட்மென்ட்ஸ்' போட்டார்கள்.

இப்போது முக்கியமான ஆள். கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் 1985இல் கிளம்பிய நியூரோசிஸ். 1987இல் 'பெயின் ஆஃப் மைண்ட்', சுத்த ஹார்ட்கோர், அதாவது வேகமும் ஆவேசமும் கூடிய பங்க். 1990இல் 'தி வேர்ட் அஸ் லா', கொஞ்சம் முடிச்சு விழுந்த ஹார்ட்கோர். 1992இல் 'சோல்ஸ் அட் ஜீரோ'. அதில்தான் வீடு இடிந்து வேறு வீடு எழும்பியது. கீபோர்டு, எங்கிருந்தோ வெட்டி எடுத்த பேச்சுக் குரல்கள், வயலின், செல்லோ, புல்லாங்குழல், ட்ரம்பெட். ஆனால் உள்ளே ஓடுவது பங்க் ரத்தம். அதை வெளியிட்டது யார்? ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ். ஏழு வருஷத்துக்கு முன் அமெபிக்ஸின் 'அரைஸ்!'ஐ வெளியிட்ட அதே கம்பெனி.

அதனால், பிரைட்டன் பையன்கள் க்ரஸ்ட்டையும் ஸ்லட்ஜையும் கலந்தார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிரிந்துபோன சகோதரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். கலப்பு என்றால் அவ்வளவுதான்.

#5 – டிபீட்_துரை

அண்ணா, அமெபிக்ஸை மறக்கவில்லை. அமெபிக்ஸ் மெதுவாகப் போனாலும் பாட்டு பாட்டாகவே இருக்கும், சட்டென்று முடியும். நியூரோசிஸ் 92இல் போன பாதை வேறு. அதை க்ரஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தக் காலத்து க்ரஸ்ட்டில் மனசைப் பிழிகிற மெட்டு வேண்டுமா? மெம்ஃபிஸ் ஊர் ஹிஸ் ஹீரோ இஸ் கான் கேளுங்கள், 'மான்யுமென்ட்ஸ் டு தீவ்ஸ்' (1997). அதிலிருந்து வந்த டிராஜெடி கேளுங்கள். அதே சோகம், அதே கனம், நிமிடக் கணக்கில் முடித்துவிடுவார்கள். முடிக்கத் தெரிவதும் ஒரு வித்தைதான்.

#6 – கரிக்கோடு

துரை பிடித்த முயலுக்கு மூன்றே கால். (முயல் ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழமொழியைச் சொல்லாமல் விட்டால் பாவம்.)

டிராஜெடி எனக்கும் உயிர். ஆனால் டிராஜெடி கேட்கும்போது நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன், யார் துரத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. எலிலில் துரத்துகிறவனை முதலில் காட்டுகிறார்கள். அவன் வருகிற சத்தம், நிற்கிற சத்தம், மோப்பம் பிடிக்கிற சத்தம். பேஸ் தரையோடு தரையாக ஊர்கிறது, கிதார் ஒன்று ஒரே மூன்று சுரத்தைத் திரும்பத் திரும்பக் கிள்ளுகிறது, டாம் டிரம் மட்டும் எங்கோ தூரத்தில். அப்புறம் உங்கள் தும்-தக்தும் வருகிறபோது அது தாளமாக எனக்குப் படவில்லை. வளை வாயிலிருந்து குதித்து ஓடுகிற நாலு கால்.

பக்கத்து வீட்டுச் சண்டை என்று சொன்ன தம்பிக்கு: வார்த்தை புரியாது, எங்களுக்கும் புரியாது. க்ரஸ்ட் குழுக்கள் பாட்டு வரிகளை அட்டையில் அச்சடித்துக் கொடுப்பது இதனால்தான், கூடவே பாட்டுக்கு ஒரு பக்கக் கட்டுரையும். கையில் தாளை வைத்துக்கொண்டு கேளுங்கள். குரல் சொல்லுக்காக இல்லை, சொல் தாளில் இருக்கிறது. குரல் வலிக்காக.

#7 – வளைமுயல்

நாவலை ஐந்தாறு தடவை வாசித்தவள் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன். பயனர் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஆடம்ஸ் முயல்களுக்கு ஒரு பாஷையே செய்துகொடுத்தார். ஆவ்ஸ்லா என்றால் வளையைக் காக்கிற பலசாலி முயல்கள். எலில் என்றால் பகைவர்கள்: நரி, கீரி மாதிரியான வீசல், பருந்து, மனிதன். இன்லே என்றால் நிலா, மரணமும் அதுவே. பயத்தில் உறைந்து நகரமுடியாமல் நிற்பதற்குத் 'தார்ன்' என்று ஒரு சொல். நம் பேச்சில் 'பிரமை பிடித்த மாதிரி' என்போமே, அதற்கு அருகில் வரும். கரிக்கோடு சொல்லும் மெதுவான பகுதி எனக்குத் தார்ன் ஆன முயல். காத்திருப்பது என்று அதைச் சொல்லமாட்டேன். காத்திருக்கிறவனுக்குத் தெம்பு இருக்கும். தார்ன் ஆனவன் செத்தவனுக்குச் சமம், கண் மட்டும் திறந்திருக்கும்.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இது வெறும் முயல் கதை, வேறு உட்பொருள் தேடாதீர்கள் என்று ஆடம்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். காரில் போகும்போது மகள்களுக்குச் சொன்ன கதைதான் பிறகு நாவலானது. இவர்கள் அதை எடுத்து அரசு, மதம், இறைச்சி என்று எல்லாவற்றையும் அதன் முதுகில் ஏற்றுகிறார்கள். முயல் தாங்குமா?

#8 – கரிக்கோடு

தார்ன். ஆமாம், நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். காத்திருப்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதுகில் ஏற்றிய விஷயம்: எழுதியவர் இல்லை என்று சொன்னாலும் கதைக்குள் அது கிடக்கிறதே? ஜெனரல் வூண்ட்வோர்ட் நடத்தும் எஃப்ராஃபா வளையில் ஒவ்வொரு முயலுக்கும் உடம்பில் அடையாளக் குறி. அந்தக் குறியைப் பொறுத்துத்தான் மேலே போய்ப் புல் மேய நேரம். நேரம் தவறினால் தண்டனை. குழந்தைகளுக்குச் சொன்ன கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னவர் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். கையில் இருந்த சரக்கு கதைக்குள் வராமல் எங்கே போகும்? குழு தன் பெயரையே 'எஃப்ராஃபாவின் வீழ்ச்சி' என்று வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

#9 – வளைமுயல்

எஃப்ராஃபாவை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பயமானது இன்னொரு வளை. மூன்று ஆல்பத்துக்கும் பொதுப் பெயர் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டு ஓடிவரும் முயல்கள் வழியில் ஒரு வளைக்கு வருகின்றன. அங்கே முயல்கள் கொழுகொழு என்று இருக்கின்றன. வயலில் யாரோ தினமும் காய்கறி போட்டுவைக்கிறார்கள். நரி வருவதில்லை, பண்ணைக்காரன் சுட்டுவிடுகிறான். வேலை இல்லாத முயல்கள் சுவரில் கல் பதித்து உருவம் செய்கின்றன, கவிதை சொல்கின்றன. இடம் நிறைய, முயல் குறைவு. ஆனால் 'இன்னார் எங்கே?' என்று மட்டும் அங்கே யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் பேச்சை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பிக்விக் என்ற முரட்டு முயல் கண்ணியில் மாட்டுகிறது. கழுத்தில் பளபளக்கும் கம்பி. இழுக்க இழுக்க இறுகுகிறது, வாயில் நுரையும் ரத்தமும். கம்பியைக் கடிக்க முடியாது. ஒரு முயல் யோசிக்கிறது: கம்பி கட்டியிருப்பது தரையில் அடித்த முளையில். முளை மரம். எனவே மண்ணைப் பறித்து, முளையைக் கடிக்கிறார்கள். குழி குறுகல், பெரியவர்களால் தலையை நுழைக்க முடியவில்லை. கடைசியில் கூட்டத்திலேயே சின்ன முயல் உள்ளே போய்க் கடித்துத் துண்டாக்குகிறது.

அந்த வளைக்காரர்களில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. கண்ணி இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காய்கறி வருகிறது, எப்போதாவது ஒருவர் குறைகிறார். கணக்கு சரியாகிவிடுகிறது.

#10 – பழைய_கேசட்

இதை வாசித்துவிட்டு டீயை ஆறவைத்துவிட்டேன்.

#11 – டிபீட்_துரை

கதை அருமை அக்கா, மறுக்கவில்லை. ஆனால் நல்ல கதையை வைத்துக்கொண்டால் பாட்டு நல்லதாகிவிடாது. கர்ப்பத்தில் சக்கரவியூகக் கதை கேட்டதற்காக அபிமன்யு பிழைத்தானா?

#12 – ஆல்டோ_குரல்

கதையை விட்டுவிட்டு நடுப்பாட்டுக்கு வருகிறேன். 'டொமினியன் தியாலஜி'.

நான் சபைப் பாடகர் குழுவில் வளர்ந்தவள், இப்போதும் பாடுகிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் வாயில் வந்துவிட்டது: "நீங்கள் பலுகிப் பெருகி, பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி…" கடைசியில் "சகல ஜீவஜந்துக்களையும் ஆண்டுகொள்ளுங்கள்." ஆதியாகமம் 1:28. இதை ஒப்பித்ததற்கு ஸ்டிக்கர் வாங்கியிருக்கிறேன். அந்த வயதில் 'ஆண்டுகொள்ளுங்கள்' என்றால் என்ன என்று யோசிக்கவில்லை, 'பலுகி' என்றால் என்ன என்று கேட்டதற்கு டீச்சர் திட்டியது மட்டும் ஞாபகம்.

அமெரிக்காவில் கிறிஸ்தவச் சட்டமே நாட்டுச் சட்டம் ஆகவேண்டும் என்று கிளம்பிய போக்குக்கும் இதே பெயர்தான். தலைப்பில் இரண்டும் சேர்ந்து கேட்கிறது: மிருகத்தின்மேல் மனிதன் எடுத்துக்கொண்ட அதிகாரம், மனிதனின்மேல் மனிதன் எடுத்துக்கொண்ட அதிகாரம்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்தது வேறு. இவர்கள் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த வசனத்திலேயே, 1:29இல், மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுப்பது பூண்டும் கனிமரமும்தான். மாம்சம் சாப்பிட அனுமதி வெள்ளம் வடிந்த பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில்தான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனைத் தோட்டத்தில் வைப்பது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்." மாம்சம் தொடாத கொள்கை உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? எதிரி வீட்டிலேயே ஆயுதம் கிடந்திருக்கிறது, எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

இசைக்கு வருகிறேன். துரை, இந்தப் பாட்டை நீளம் என்று நான் நினைக்கவே இல்லை. எங்களிடம் சில கீர்த்தனைகள் பத்து சரணம் ஓடும். ஒரே மெட்டு, ஒவ்வொரு சரணத்துக்கும் சபை கொஞ்சம் கொஞ்சமாக உரக்கப் பாடும். எட்டாவது சரணத்தில் பின்வரிசைப் பாட்டிக்குக் கண்ணீர் வரும். மெட்டு மாறவில்லை, பாட்டி மாறியிருப்பார். இந்தக் குழுவும் அதைத்தான் செய்கிறது.

#13 – அரைத்தூக்கம்

ஆல்டோ அக்கா எழுதியதைப் படித்ததும் இன்னொன்று தோன்றியது. டாம் டிரம் தனியாக அடிக்கிற இடம் எங்கள் ஊர்ச் சாவுப் பறை மாதிரி இல்லையா?

#14 – டிபீட்_துரை

இல்லை. எந்த டிரம்மைக் கேட்டாலும் பறையை இழுக்கிற பழக்கத்தை விடுங்கள் தம்பி. பறைக்கு அதன் அடி இருக்கிறது, சுண்டுகுச்சிக்கும் அடிகுச்சிக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. இங்கே அது எதுவும் இல்லை. இது நியூரோசிஸ் வீட்டு வழக்கம். 'எனிமி ஆஃப் த சன்' (1993) கடைசிப் பாட்டைக் கேளுங்கள், கூட்டமாக உட்கார்ந்து டிரம் அடிப்பார்கள்.

#15 – அரைத்தூக்கம்

சரி அண்ணா, மன்னிக்கவும்.

#16 – பழைய_கேசட்

பையனை மிரட்டாதீர்கள். நியூரோசிஸுக்கு நீங்களே வழி சொல்லிவிட்டீர்களே, சந்தோஷம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் சௌகரியமாகக் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் பள்ளத்தை நெருக்கி வெட்டவேண்டும், சத்தம் குறையும், அடித்தட்டு பேஸ் மெலியும். கேசட்டில் வளர்ந்த எனக்கே வினைல்காரர்கள் சொல்லித்தான் தெரியும். இந்த மூன்று பாட்டின் அளவையும் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பாட்டு முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்பவேண்டும். அந்த அரை நிமிட அமைதியும் பாட்டில் சேர்த்தி. செல்போனில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் அது போய்விடுகிறது.

அப்புறம் ஒரு கொசுறு. இந்தக் குழுவில் பாடிய அலெக்ஸ் சிஎஃப் ஓவியரும்கூட. லண்டனில் ஒரு வீட்டு நிலவறையில் சிறகு முளைத்த குட்டி மனிதர்களின் எலும்புக்கூடு பெட்டி பெட்டியாகக் கிடைத்தது என்று படங்கள் இணையத்தில் சுற்றினவே, ஞாபகம் இருக்கிறதா? மெர்ரிலின் என்ற பெயரில் வந்தது. அதெல்லாம் இவர் கையால் செய்தவை, கற்பனை மியூசியம். எனக்கும் அதை 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று ஒரு சொந்தக்காரர் அனுப்பினார். இவர் க்ரஸ்ட் பாடகர் மாமா என்றேன். பதிலே இல்லை.

#17 – வளைமுயல்

அது இவரா! அந்தப் படங்களை நானும் ஒரு நிமிடம் நம்பினேன்.

அவருடைய அடுத்த குழு லைட் பேரர், அதையும் கேட்டிருக்கிறேன். அங்கே பிலிப் புல்மன் நாவல்களின் வாடை. இந்த மனிதர் புத்தக அலமாரியிலிருந்துதான் பாட்டு எடுக்கிறார்.

ஆல்டோ சொன்னதற்கு ஒரு ஒட்டு. நாவலில் முயல்களுக்கே ஒரு மதம் இருக்கிறது. சூரியன்தான் ஃப்ரித், படைத்தவன். முதல் முயல் எல்-அராய்ரா, ஆயிரம் பகைவரின் இளவரசன். மூன்றாம் பாட்டின் தலைப்பில் அழுவது இவன்தான். நாவலில் ஒரு கதை வரும். தன் இனத்தைக் காப்பாற்ற இவன் இன்லேயின் கறுப்பு முயலிடம், அதாவது மரணத்திடம், போய்ப் பந்தயம் ஆடுகிறான். மீசை போகிறது, வால் போகிறது, காது போகிறது. உயிரை எடுத்துக்கொள் என்றாலும் மரணம் வாங்கமாட்டேன் என்கிறது. மதத்தைத் திட்டுகிற ஆல்பம், முயலின் மதத்தை மட்டும் தொடாமல் வைத்து, அதற்காக அழவும் செய்கிறது. இந்த முரண்தான் எனக்கு இதில் பிடித்தது. நாத்திகர்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு தேவனை மடியில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

#18 – ஆல்டோ_குரல்

மீசை, வால், காது. அடுத்த வாரப் பாடகர் பயிற்சியில் இதை யாரிடமும் சொல்லமுடியாது, ஆனால் நினைத்துக்கொண்டிருப்பேன்.

#19 – மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஆல்பத்தின் தரவிறக்கச் சுட்டி கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விதி தெரியும்தானே.

#20 – டிபீட்_துரை

நேற்று மின்சாரம் இல்லை. செல்லில் இருந்த சார்ஜை வைத்து மூன்றாம் பாட்டைப் போட்டு, பயிற்சி ரப்பர் தட்டை மடியில் வைத்துக் கூடவே அடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஆதாரம் சேர்ப்பதுதான் நோக்கம், மறைக்கவில்லை.

மெதுவான பகுதியில் அடிப்பது லேசு என்று நினைத்திருந்தேன். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிடக்கிற இடம் பெரிசு. அவசரப்பட்டு முந்திவிடுகிறேன். நாலு தடவை முந்தினேன். வேகமாக அடிக்கும்போது கை பார்த்துக்கொள்ளும், தப்பு மறைந்துவிடும். இங்கே ஒவ்வொரு அடியும் அம்மணமாக நிற்கிறது. பதினைந்து வருஷமாக அடிக்கிறவன், என் மடியில் இருந்த ரப்பர் தட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

வேகம் வந்த இடத்தில் கை தானாகப் போய்விட்டது. தோள் வலியோடு. அது க்ரஸ்ட்தான். அந்த இரண்டு, மூன்று நிமிடம் க்ரஸ்ட். மீதியைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை, யாரும் பட்டாசு வெடிக்கவேண்டாம்.

#21 – கரிக்கோடு

பட்டாசு இல்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டுக் கேட்டுப்பாருங்கள். நான் முன்பு ஒரு தடவை செய்தேன், அலாரம் ரிங்டோனாக வைக்க. சப்பென்று இருந்தது. டிராஜெடி பாட்டின் சுமாரான நகல் மாதிரி. முன்னால் அந்தப் பதினாலு, பதினைந்து நிமிடம் தார்ன் ஆகிக் கிடந்தால்தான் அந்த ஓட்டத்துக்குக் கால் முளைக்கிறது.

#22 – டிபீட்_துரை

ரிங்டோனாக வைத்தீர்களா? இதற்கே மன்றத்தைவிட்டு நீக்கலாம்.

#23 – அரைத்தூக்கம்

எல்லாருக்கும் நன்றி. தட்டை எடுத்துவைத்துவிட்டு நேற்று மறுபடி போட்டேன், விளக்கை அணைத்து. குரல் இன்னும் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டேன். வளைமுயல் அக்கா எழுதிய கம்பியும் முளையும் மனசில் இருந்ததால், அந்தக் கிதார் திரும்பத் திரும்ப வரும்போது யாரோ மண்ணைப் பறிக்கிற மாதிரியே கேட்டது. அப்படி ஒன்றும் அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள், இருந்தாலும்.

மூன்றையும் முடித்தபோது மணி ஒன்றரை. அடுத்து எது? ஆவ்ஸ்லாவா, இன்லேயா?

#24 – கரிக்கோடு

ஆவ்ஸ்லா. நீளம் குறைவு, வேகம் கூடுதல், துரைகூடத் திட்டமாட்டார். இன்லே மூன்றிலும் மெதுவானது. காலையில் கல்லூரிக்கோ வேலைக்கோ போகவேண்டுமென்றால் அதை ராத்திரியில் தொடாதீர்கள், இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

#25 – டிபீட்_துரை

ஆவ்ஸ்லாவுக்கு முன்னால் 'அரைஸ்!' கேளுங்கள் தம்பி. தட்டும் ஓர் ஓரமாக இருக்கட்டும், தட்டிப் பார்க்க உதவும்.